மாப்பிள்ளையின் இடது கை

மார்ச் 3, திங்கள்

பொம்மையின் அக்குளில் எறும்பு.

காலையில் எங்கள் நர்சிங் கல்லூரியின் சிமுலேஷன் லேபைத் திறந்ததும் அதுதான் கண்ணில் பட்டது. ஜன்னலில் இறங்கி, கட்டில் கால் வழியாக ஏறி, இடது அக்குளுக்குள் நுழைந்து, அங்கிருந்து முழங்கை மடிப்பு வரைக்கும் ஒரே வரிசை. காரணம் தெரியாத விஷயமில்லை. ரத்தத்துக்காகக் கம்பெனிக்காரன் கொடுத்த சிவப்புப் பொடி போன வருஷமே தீர்ந்துவிட்டது. இப்போது கேண்டீனில் இருந்து ரோஸ் மில்க் சிரப் வருகிறது. அதைத் தண்ணீரில் கலந்து பையில் ஊற்றித் தொங்கவிட்டால் ரப்பர் நரம்புக்குள் ஓடும். ஊசி ஏறினால் சிவப்பாக எட்டிப் பார்க்கும். பல லட்சம் கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் உடம்பில் ஓடுவது ரோஸ் மில்க். எறும்புக்கு இருக்கிற விவரம் இங்கே யாருக்கும் இல்லை.

பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல நிறம், வாட்டசாட்டம், எதிர்த்துப் பேசாது, படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. மூச்சு விடும், கண்ணை இமைக்கும். இடது கை நரம்பில் ஊசியைச் சரியாக ஏற்றினால் "தேங்க் யூ நர்ஸ்" என்று சொல்லும். பக்கத்துத் திரையில் மார்க் விழும். ஆரம்பத்தில் "குட் மார்னிங் சார், ஐ ஆம் யுவர் நர்ஸ்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பத்து மார்க். தமிழில் சொன்னால் அதன் காதில் ஏறாது, பத்தும் போய்விடும். வேகமாக முடித்தால் இன்னும் இருபது.

பதினொரு மணிக்குத் தாளாளர் சிவஞானம் யாரோ விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எப்போதும்போல் ஜெபசீலியைக் கூப்பிட்டேன். நான்காம் வருஷத்தில் அவள்தான் முதல். குட் மார்னிங் சொன்னாள், ரப்பர் பட்டையைக் கட்டினாள், குத்தினாள், தேங்க் யூ வந்தது. தொண்ணூற்றெட்டு. வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் மாப்பிள்ளையின் கையைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்தாள்.

"ஏதோ இனிப்பு வாசம் அடிக்கே?"

"ரூம் ஸ்பிரே மேடம்" என்றார் தாளாளர், வாய் கூசாமல்.

அவர்கள் போனபின் கைத் தோலை மாற்றித் தரச் சொல்லி இன்னொரு தடவை எழுதிக் கொடுத்தேன். குத்திக் குத்தி முழங்கை மடிப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது. வாசலில் நின்றாலே தெரிகிறது. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று பதில் வந்தது.

மார்ச் 4, செவ்வாய்

மாப்பிள்ளையின் அக்குளுக்கு எறும்புப் பவுடர் போட்டேன். இதற்குத்தான் எம்.எஸ்சி. நர்சிங்.

மார்ச் 7, வெள்ளி

வசந்தா பிரசவ லீவில் போகிறாள். பிள்ளைகளை அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. "செல்வி, ரெண்டு வாரம் நீங்க போயிட்டு வாங்க" என்று பிரின்சிபால் எமல்டா மேடம் சொல்லிவிட்டார். எனக்கு லேப் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது என்றேன். கேட்கவில்லை. மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து லேப் என் பொறுப்பு, வார்டு வசந்தாவின் பொறுப்பு. அப்படித்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வார்டு நாற்றம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் ஷோகேஸைத் துடைத்தேன். கேடயத்தில் ஒரு விரல் தூசி. 'மேனிகின் வழிக் கற்றலும் மாணவியர் முன்னேற்றமும்' என்ற என் கட்டுரைக்குக் கருத்தரங்கில் முதல் பரிசாகக் கொடுத்தது. மாப்பிள்ளை வந்த வாரம் வைத்த சோதனையில் பிள்ளைகளின் சராசரி ஐம்பத்திரண்டு. ஒரு பருவம் பழகியபின் தொண்ணூற்றொன்று. இரண்டு சோதனையையும் மாப்பிள்ளையிடம்தான் வைத்தோம். வேறு யாரிடம் வைப்பது? அதற்கு முன்னெல்லாம் பிள்ளைகள் ஒருத்தி கையில் ஒருத்தி குத்திப் பழகுவார்கள். ஒரே அழுகை, நீலம் பாய்ந்த கை, வீட்டிலிருந்து புகார். அந்தக் காட்டுமிராண்டிப் பழக்கத்தை நிறுத்தவேண்டும் என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். வைஸ் பிரின்சிபால் நாற்காலி காலியானால் எனக்குத்தான் என்று தாளாளர் மேடையிலேயே சொன்னார்.

வெள்ளைக் கோட்டு தோளில் பிடிக்கிறது. தையல்காரரிடம் கொடுக்கவேண்டும்.

மார்ச் 10, திங்கள்

வார்டு. வாந்தி, பினாயில், யாரோ பிரித்து வைத்த மீன் குழம்பு. மூன்றும் சேர்ந்து உள்ளே நுழையும்போதே குடலைப் பிடுங்கியது. கைக்குட்டையில் தைலம் தடவிக்கொண்டு போயிருந்தேன், பிரயோஜனமில்லை.

ஆனால் அதைவிடக் குமட்டியது எங்கள் பிள்ளைகளைப் பார்த்து. பெண்கள் வார்டு. வரிசையாகப் போய் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "குட் மார்னிங் சார், ஐ ஆம் யுவர் நர்ஸ்." ஒருத்தி விடாமல். வயிற்றுப்போக்கில் சேர்த்திருந்த சண்முகத்தாய் என்கிற அம்மாள் ஜெபசீலியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆரு சாரு? எங்க வீட்டுக்காரரு போய் ஆறு வருசமாச்சே, ஒனக்குத் தெரியாதாட்டி?"

வார்டே சிரித்தது. வார்டு சிஸ்டர் தங்கபாய் மாத்திரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஜெபசீலி அப்போதும் விடவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் தலைமாட்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லேபில் மார்க் திரை இருக்கும் இடம் அது.

மேடம் கற்றுக் கொடுத்த லட்சணம் என்று தங்கபாய் நினைத்திருப்பார். நினைக்கட்டும். பிள்ளைகளுக்குப் புத்தி என்று ஒன்று வேண்டாமா?

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சண்முகத்தாய்க்கு இன்னொரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. பழைய ஊசி அடைத்துக்கொண்டதால் புதிதாகப் போடச் சொல்லித் தங்கபாய் ஜெபசீலியிடம் கொடுத்தார். நான் அப்போது சிஸ்டர்கள் அறையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். டீயும் குடித்தேன். டீ குடிப்பது குற்றமில்லை.

ஜெபசீலி இடது கையைப் பிடித்து முழங்கை மடிப்பில் நேராக ஏற்றியிருக்கிறாள். தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். பாட்டிலைத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். அந்த அம்மாள் "வலிக்கு, வலிக்கு" என்று சொல்லியிருக்கிறாள். இவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை ஒருநாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. தண்ணீர் நரம்புக்குள் போகாமல் சதைக்குள் போய்க்கொண்டே இருந்தது. நான் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது கை தோள் வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு கிடந்தது. தொட்டால் குளிர்ச்சி. பார்க்கச் சகிக்கவில்லை. சண்முகத்தாயின் மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"படிக்க வந்தியளா, கொல்ல வந்தியளா? எங்கம்மா கை என்ன ஒங்களுக்குப் பள்ளிக்கூடமா?"

தங்கபாய் ஊசியை எடுத்துவிட்டு, ஈரத் துணி சுற்றி, கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், வலது கையில நீங்களே போட்டிருங்க. பிள்ளையளும் பாத்துக்கிடட்டும்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

வார்டில் வெளிச்சம் போதாது. வயசானவர்களின் நரம்பு நழுவும். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தால் நரம்பு உள்ளே போய்விடும், புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த மகன் வேறு தலைக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை முயற்சி செய்தேன். கடைசியில் தங்கபாய் மணிக்கட்டுக்கு மேலே ஏதோ ஒரு இடத்தில் தடவிப் பார்த்துப் போட்டுவிட்டார். நான் எந்த இடத்தில் குத்தினேன் என்பது இங்கே முக்கியமில்லை.

ஜெபசீலி கட்டில் கால்மாட்டில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13, வியாழன்

வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது. வீங்கிய கை மட்டும்தான் அதில் தெரிகிறது என்று வீட்டில் இவர் சொன்னார். மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆமாம், வீங்கிய கையும் ஜெபசீலியின் முகமும் மட்டும்தான்.

மதியம் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன மேடம், நம்ம பேரு ஊரெல்லாம் நாறுதே. அட்மிஷன் நேரம். மெஷினு தொண்ணூத்தெட்டு போட்ட பிள்ளை எப்படி இப்படிப் பண்ணும்? மெஷினு பொய் சொல்லுமா? இவதான் அலட்சியமா இருந்திருக்கா."

ஜெபசீலியை ஒரு வருஷம் நிறுத்தி வைப்பது என்று முடிவாம். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை என்று ஒரு கூட்டம் போட்டு அறிவிப்பார்கள். எமல்டா மேடம் தலையை ஆட்டினார். அவர் எதற்குத்தான் ஆட்டவில்லை. லேப் பொறுப்பாளர் என்ற முறையில் பயிற்சியில் குறை எதுவும் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குறை இல்லைதானே? வலிக்கிறது என்று ஒரு மனுஷி கத்தும்போது மரம் மாதிரி நின்றவளுக்கு யார் என்ன செய்யமுடியும்? அவளை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

மார்ச் 17, திங்கள்

ஜெபசீலி லேபுக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். இந்த வருஷம் முடிக்காவிட்டால் அது போய்விடும். போனால் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவன் ஏதோ ஒரு பாரில் இருக்கிறானாம், வேலை பார்க்கிறானா குடிக்கிறானா என்று வீட்டில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

"மேடம், நான் மாப்பிள்ளைக்குப் போட்ட மாதிரியேதான் போட்டேன். அதே இடந்தான். ஒரு நூல்கூட விலகல."

"அந்த அம்மாவும் மாப்பிள்ளையும் ஒண்ணா? விரலை வச்சுத் தேட வேண்டாமா?"

"தேடினா டைம் போகும், இருபது மார்க் குறையும்னு நீங்கதான மேடம் சொன்னீய."

"வலிக்குன்னு சொன்னாங்களே, அது காதில விழலையா?"

"விழுந்திச்சி. ஆனா தேங்க் யூ வரணுமேன்னு நின்னுட்டேன். வரும்னு நெனச்சேன். என்னமோ மேடம், அந்த நேரத்தில அப்படித்தான் நெனப்பு ஓடிச்சி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது மட்டுமில்ல மேடம், நீங்களும் அன்னைக்கு…"

வகுப்புக்கு நேரமாயிற்று, போ என்று அனுப்பிவிட்டேன். எனக்கு அப்போது வகுப்பு எதுவும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. பாகற்காய் வைத்தேன், உப்பு போட மறந்துவிட்டேனாம்.

சாயங்காலம் இவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "என்ன, திடீர்னு பாசம்?" என்றார். விரலை வைத்து மெதுவாகத் தேடினேன். முழங்கை மடிப்பில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. மணிக்கட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, வெளிப்பக்கமாக, நல்ல பருத்த நரம்பு ஒன்று ஓடுகிறது. விரலை அழுத்தினால் திரும்பி மெத்தென்று எழும்புகிறது. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு இது தெரியாது.

"நாடி பாக்கியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 19, புதன்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் லேபை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போட்டேன். தேங்க் யூ நர்ஸ். தொண்ணூற்றெட்டு. அடுத்து கூரையைப் பார்த்துக்கொண்டு. தொண்ணூற்றெட்டு. பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. கட்டை விரலைத் தோளில் வைத்து ஒன்றரைச் சாண் இறக்கினால் ஓட்டை தானாகவே ஊசிக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. தேங்க் யூ நர்ஸ். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு. நாய்க்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம்.

ரோஸ் மில்க் விரலெல்லாம் பிசுபிசுத்தது. கை கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். வார்டு நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தேன். இங்கே வார்டு ஏது?

மார்ச் 21, வெள்ளி

விசாரணையை லேபிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். தாளாளர், எமல்டா மேடம், ஜெபசீலி, அவளுடைய அம்மா. அம்மா பீடி சுற்றுகிறவர். சேலை முந்தானையை வாயில் வைத்தபடி மாப்பிள்ளையையே மிரண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

தாளாளர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கல்லூரியின் மானம், இயந்திரத்தின் துல்லியம், மாணவியின் அலட்சியம். எல்லாம் முடிந்ததும், "லேப் பொறுப்பாளர் நீங்க சொல்லுங்க மேடம்" என்றார்.

ஜெபசீலியின் துப்பட்டாவை வாங்கி என் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டேன். தடவித் தடவிப் போய் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தேன். குட் மார்னிங் சார், ஐ ஆம் யுவர் நர்ஸ். பட்டையைக் கட்டினேன், ஒன்றரைச் சாண் இறக்கினேன், குத்தினேன்.

தேங்க் யூ நர்ஸ்.

"எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தெட்டு மேடம்" என்றாள் ஜெபசீலி.

கண்கட்டை அவிழ்த்தேன். "இவ்வளவுதான் சார் நாங்க சொல்லிக் கொடுத்தது. பாக்க வேண்டாம், தேட வேண்டாம், யாரு படுத்திருக்காங்கன்னு தெரிய வேண்டாம். அந்த ஓட்டை தெரிஞ்சா போதும். இந்தப் பிள்ளை நாங்க சொல்லிக் கொடுத்ததை அப்படியே செஞ்சிட்டா. என் கட்டுரையில எழுதின தொண்ணூத்தொண்ணு இந்த ஓட்டையோட மார்க்குத்தான் சார், பிள்ளைகளோடது இல்ல."

சொல்லிவிட்டேன் என்று இருந்தது.

தாளாளர் எழுந்து நின்று கை தட்டினார்.

"ஆஹா! எமல்டா மேடம், பாத்தியளா? கண்ணைக் கட்டிக்கிட்டுப் போடுதாவ! இதை வீடியோ எடுத்துப் போட்டா அந்த ஆஸ்பத்திரி வீடியோவெல்லாம் ஒரே நாள்ல காணாமப் போயிரும்!"

"சார், நான் சொல்லவந்தது அதுக்கு நேர் எதிரா…"

"புரியுது மேடம், புரியுது. தோலை மாத்தணும், அவ்வளவுதான? மாத்திருவோம். நீங்க திங்கக்கிழமை ஷூட்டிங்குக்கு வந்திருங்க." ஜெபசீலியின் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பிள்ளை விஷயத்தையும் அத்தோட முடிச்சிருவோம். நீங்க நமக்குச் செஞ்சா நாங்க ஒங்களுக்குச் செய்யமாட்டமா?"

ஜெபசீலியின் அம்மாவுக்கு அது மட்டும் புரிந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அம்மா, வந்திருங்கம்மா. என்னன்னு தெரியாது, நீங்க வந்திருங்கம்மா." புகையிலை வாசம். என்னால் கையை உருவ முடியவில்லை.

வருகிறேன் என்று சொன்னேன். எமல்டா மேடம் தலையை ஆட்டினார்.

மார்ச் 24, திங்கள்

ஷூட்டிங். முகத்துக்கு மாவு அப்பினார்கள். புதுக் கோட்டு, கண்ணைக் கட்ட நீலப் பட்டுத் துணி. கல்லூரிக் கொடியின் நிறமாம்.

எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தும் வராத புதுத் தோல், வீடியோவில் அழகாகத் தெரியவேண்டும் என்றதும் இரண்டே நாளில் வந்து இறங்கிவிட்டது. வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். மாட்டினார்கள். கண்ணைக் கட்டினார்கள். கேமராக்காரப் பையன் ஆக்‌ஷன் என்றான். ஒன்றரைச் சாண் இறக்கிக் குத்தினேன். தேங்க் யூ வரவில்லை. மறுபடி. வரவில்லை. மறுபடி. ரோஸ் மில்க் கட்டில் விரிப்பில் சொட்டியது. கண்ணைக் கட்டியிருந்ததால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது ஒரு நிம்மதி.

கொஞ்ச நேரம் கழித்துத் தாளாளரின் குரல் கேட்டது. "பழைய தோலையே மாட்டுங்கடே."

மாட்டினார்கள். ஒரே டேக்.

ஜெபசீலியைப் பரீட்சை எழுத அனுமதித்து எமல்டா மேடம் சாயங்காலமே உத்தரவு போட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்து மூன்று தடவை முகம் கழுவினேன். மாவு காதுமடலில் இன்னும் இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

கேடயத்தை ஷோகேஸில் இருந்து எடுத்துப் பரணில் போட்டேன். இவர் ஏன் என்று கேட்டார். இடம் அடைக்கிறது என்றேன். வெறும் இடத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை; பீங்கான் வாத்து ஒன்றை வைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் என் முகம். இரண்டு ஆள் உயரம், நீலத் துணிக் கட்டு, கையில் ஊசி. கீழே கொட்டை எழுத்தில்: 'கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்!'

காய்கறிக்காரி, "டீச்சர், நீங்கதானா அது? கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கியளோன்னு நெனச்சேன்" என்றாள். கால் கிலோ வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன். சீ.

தாளாளர் போன் செய்தார். அட்மிஷனுக்கு விசாரித்து ஓயாமல் போன் வருகிறதாம். வைஸ் பிரின்சிபால் விஷயத்தை ஜூனில் பேசலாம் என்றார்.

மார்ச் 31, திங்கள்

வார்டுக்குப் போனேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இல்லை, தனியாக. சண்முகத்தாய் போன வாரமே வீட்டுக்குப் போய்விட்டாளாம். கை சரியாகிவிட்டது என்று தங்கபாய் சொன்னார். "தோலு மட்டும் கொஞ்சம் உரிஞ்சிது. நல்ல மனுசி மேடம், போம்போதுகூட அந்தக் குட் மார்னிங் பிள்ளை அழுதிச்சே, அதுக்கு ஒண்ணும் ஆயிரலயேன்னு கேட்டுட்டுப் போனா."

ஊசி இரண்டு பாக்கெட் கேட்டேன். வீட்டுக்கா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எடுத்துக் கொடுத்தார். அவர் அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்

மத்தியானம் ஜெபசீலி வீட்டுக்கு வந்தாள். கையில் அரைக் கிலோ அல்வா. வாசலிலேயே காலைத் தொட வந்தாள், தடுத்துவிட்டேன். இவர் ஆபீஸ் போயிருந்தார்.

"பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திட்டு மேடம். ஒங்களாலதான். ஜூன் ஒண்ணாந் தேதி சென்னைக்கு வரச் சொல்லியிருக்காவ."

"சென்னையில உனக்கு எந்த வார்டு?"

"எமர்ஜென்சி மேடம்." சொல்லும்போதே அவள் முகம் சுருங்கிவிட்டது. சந்தோஷமாகச் சொல்லவேண்டிய விஷயம்.

உள்ளே போய்ப் பாக்கெட்டுகளை எடுத்துவந்தேன். பஞ்சு, ஸ்பிரிட், ரப்பர் பட்டை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து ஒரு துண்டை விரித்தேன். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு இடது கையை நீட்டினேன்.

"உக்காரு. போடு."

"மேடம், வேண்டாம் மேடம். ஒங்களுக்கு வலிக்கும்."

"வலிச்சா சொல்லுவேன். அதுக்குத்தான் நான்."

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். பட்டையைக் கட்டினாள். வாயைத் திறந்து, "குட் மார்…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். விரல் நேராக முழங்கை மடிப்புக்குத்தான் போனது. அங்கேயே நின்றது.

"இங்க ஒண்ணும் தட்டுப்படல மேடம்."

"அப்ப வேற இடத்தில தேடு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆகட்டும்."

தேடினாள். முதல் தடவை நரம்பு நழுவிவிட்டது; எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீரென்றது. வலிக்கிறது என்று சொன்னேன். உடனே எடுத்துவிட்டாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை இன்னொரு புது ஊசி எடுத்து, மணிக்கட்டுக்கு மேலே, கண்ணை என் முகத்துக்கும் கைக்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, மெதுவாக ஏற்றினாள். ரத்தம் வந்தது. கறுத்த சிவப்பு, வாசனை இல்லாத நிஜ ரத்தம். யாரும் தேங்க் யூ சொல்லவில்லை. அவள் சுவரைப் பார்க்கவும் இல்லை.

ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டாள். என் கை இரண்டு இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. காட்டுமிராண்டிப் பழக்கம்.

அவள் எழுந்திருக்கப் போனாள். நான் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தேன்.

"இப்ப நீ உன் கையை நீட்டு."

என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, சுடிதார்க் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையைத் துண்டின்மேல் வைத்தாள்.

"மெதுவாத் தேடுங்க மேடம்" என்றாள். "நான் எங்கயும் போகல."